நரியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை

மொத்தம் 32 வார்த்தை. அதுவும் ஒரே ஒரு வாக்கியம். ஒரு கோழி காலாற நடக்கக் கிளம்புது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு மில்லு, வேலி, தேனீப் பெட்டின்னு ஒரு சுத்து சுத்திட்டு சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வீடு வந்து சேருது. அம்புட்டுதான் கதை.

இதையா 1968ல ஒரு புத்தகமாப் போட்டாங்க, இதையா இத்தனை வருஷமா வாங்கிப் படிக்கிறாங்கன்னு கேக்குறீங்களா? இருங்க, இன்னும் படத்தைப் பத்திச் சொல்லலை. படத்துல கோழிக்குப் பின்னாடியே ஒரு நரி வருது. ஒவ்வொரு இடத்துலயும் கோழி மேல பாயுது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு அடி வாங்குது. ஒரு தடவை மூக்குல, ஒரு தடவை குளத்துல, ஒரு தடவை தலையில ஒரு மூட்டை மாவு. கோழி திரும்பிக்கூடப் பார்க்காம நடந்துக்கிட்டே இருக்கு. இதுல விசேஷம் என்னன்னா, அந்த 32 வார்த்தையில நரியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. எழுத்தை மட்டும் படிக்கிறவனுக்கு அது ஒரு கோழி வாக்கிங் போன கதை. அவ்ளோதான்.

புத்தகத்தோட பேரு 'ரோஸிஸ் வாக்'. எழுதி வரைஞ்சவங்க பேட் ஹட்சின்ஸ், இங்கிலாந்துக்காரங்க. அவங்களோட முதல் படப் புத்தகமே இதுதான். 2017ல காலமானாங்க.

(டிஸ்கி: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. பொழைப்புக்குப் பொட்டி தட்டுற ஆசாமி, படிச்சது இஞ்சினியரிங். படப் புத்தகத்தைப் பத்திப் பேச உனக்கென்ன தகுதின்னு கேட்டா, அக்கா பொண்ணுக்கு நான்தான் மாமா. அது போதாதா?)

நம்ம வீட்டுல நான் சின்னப் பையனா இருந்தப்ப படப் புத்தகம்னு தனியா எதுவும் கிடையாது. படம் பார்க்கணும்னா மளிகைக் கடைக்காரர் கொடுத்த சிவகாசி காலண்டர். வெள்ளிக்கிழமையானா பக்கத்து வீட்டுலேருந்து வர்ற சிறுவர் மலர். முடி வெட்டப் போற இடத்துல அட்டை கிழிஞ்ச அம்புலிமாமா. இதுல குறை ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருந்தது. ஆனா அதுல எல்லாம் படம்ங்கிறது கதைக்குத் துணை. எழுத்துல 'ராஜா குதிரையில் ஏறினான்'னு இருந்தா படத்துலயும் ராஜா குதிரையில ஏறிக்கிட்டு இருப்பாரு. படத்தை மறைச்சு வச்சுட்டுப் படிச்சாலும் கதை புரியும்.

ரோஸி புத்தகம் அப்படி இல்லை. இதுல எழுத்து ஒரு கதை சொல்லுது, படம் இன்னொரு கதை சொல்லுது. ரெண்டும் இடிக்கிற இடத்துலதான் சிரிப்பு. 'காதலிக்க நேரமில்லை'யில நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற சீனை நினைச்சுப் பாருங்க. கதை நாகேஷ் வாயில இருக்கு. ஆனா நாம பார்க்கிறது பாலையா மூஞ்சியை. ரேடியோவுல கேட்டா பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு சமாச்சாரம், பக்கத்தைத் திருப்புறது. இந்தப் பக்கம் நரி அந்தரத்துல பாயுது, கீழே ரெண்டு மூணு வார்த்தை. அடுத்த பக்கம் எழுத்தே இல்லை, அடி வாங்கின நரி மட்டும். நடுவுல இருக்கிறது உங்க கை. எவ்வளவு நேரம் திருப்பாம வச்சிருக்கீங்களோ அவ்வளவு நேரம் நரி அந்தரத்துலயே நிக்கும். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான் வரும், பெரிய தாளை மடிச்சு அச்சடிக்கிற கணக்கு அது. அந்த 32 பக்கத்துக்குள்ள எதை எங்க வைக்கணும், எதைத் திருப்பினதும் காட்டணும்னு பிளான் பண்றது இருக்கே, நம்ம ஆபீஸ்ல ஆறு பேர் உக்காந்து பண்ற டிசைன் ரிவ்யூ எல்லாம் பிச்சை வாங்கணும்.

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம். எங்க அம்மாவைப் பத்தி.

அம்மாவுக்குச் சொந்த ஊரு தேனிப் பக்கம். அஞ்சாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, பஸ்ல போர்டு பார்ப்பாங்க, கையெழுத்துப் போடுவாங்க. இங்கிலீஷ் சுத்தம். அக்காவும் மச்சானும் கோயமுத்தூர்ல ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. அதனால குட்டியைப் பார்த்துக்க அம்மா அங்கேயே வந்து ரெண்டு வருஷம் ஆகுது. நானும் ஹைபிரிட் புண்ணியத்துல மாசத்துக்குப் பத்து நாள் அங்கேதான் டேரா.

குட்டி யூ.கே.ஜி. அந்த ஸ்கூல்ல ஒரு டைரி கொடுத்திருக்காங்க. தினம் இருபது நிமிஷம் வீட்டுல யாராவது குழந்தையோட உக்காந்து புத்தகம் வாசிக்கணும், டைரியில புத்தகம் பேரு, வாசிச்சவங்க பேரு, கையெழுத்து எல்லாம் போட்டு அனுப்பணும். நல்ல ஐடியாதான், நான் ஒண்ணும் சொல்லலை. கூடவே வீட்டுல முடிஞ்ச வரைக்கும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு ஒரு சர்க்குலர் வந்துச்சு பாருங்க, அதுலதான் அம்மா வாயை மூடிக்கிட்டாங்க. எப்பவும் வளவளன்னு பேசுற மனுஷி. "நம்ம பேச்சு புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா அங்க திட்டுவாகளோ என்னமோ"ன்னு சாப்பாடு ஊட்டுறப்பக்கூட அளந்து அளந்து பேச ஆரம்பிச்சாங்க. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. "நீ சும்மா இரு, உனக்குத் தெரியாது"ன்னுட்டாங்க.

அக்கா ஏழு மணிக்கு வருவா. களைச்சுப்போய் வந்து, மூஞ்சி கழுவிட்டு, ரோஸி புத்தகத்தை எடுத்தா 32 வார்த்தை ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். இன்னும் பத்தொன்பது நிமிஷம் பாக்கி இருக்கேன்னு அடுத்த புத்தகம். குற்றம் சொல்லலை, வேலைக்குப் போற பொம்பளைக்கு அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை ஆணி இருக்கும்னு பார்க்கிறவனுக்குத் தெரியும்.

ஒரு நாள் அக்கா வர லேட்டு. நான் பக்கத்து ரூம்ல கிளையண்ட் கால்ல மியூட் போட்டுட்டு உக்காந்திருக்கேன். குட்டி புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அம்மாகிட்ட போயிட்டா.

"எனக்கு இங்கிலீசு வராது தங்கம். உங்கம்மா வரட்டும்."

"இதுல இங்கிலீஷே இல்ல அம்மாச்சி. பாருங்க, கோழிதான் இருக்கு."

பாதிப் பக்கத்துல எழுத்தே இல்லைங்கிறதால அவ சொன்னது ஏறக்குறைய உண்மை :-)

அப்புறம் கேட்டதுதான் கதை. "ஆத்தாடி, பஞ்சாரத்தைத் தெறந்து விட்டாச்சா? நடையைப் பாரு இவளுக்கு. முட்டை போடுற கோழிக்குத்தான் இப்படி ஒரு மெதப்பு இருக்கும். யாரு அது பின்னாடி? பம்மிப் பம்மி வாரான் திருட்டுப்பய. ஏ ரோஸி, திரும்பிப் பாருடி..." குட்டி பேரை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கா. மத்தது எல்லாம் அம்மாவோட சரக்கு. கோழி குளத்தைச் சுத்துறப்ப எங்க ஊரு கண்மாய்க் கரையில சின்ன வயசுல தான் வளர்த்த கோழி வந்தது. வைக்கோல் போருக்கு வந்தப்ப படப்பு எப்படி மேயணும், மழைத் தண்ணி உள்ளே எறங்காம எப்படி முடியணும்னு ஒரு கிளைக்கதை. நரி கீழே கிடந்த பல்லு வச்ச கம்பை மிதிச்சு, அது எகிறி மூக்குல அடிச்சப்ப அம்மா சிரிச்ச சிரிப்புல நான் கால்ல அன்மியூட் பண்ணப் பயந்து உக்காந்திருந்தேன்.

அக்கா ஒரு நிமிஷத்துல படிக்கிற புத்தகம் அன்னிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஓடிச்சு.

மாவு மில்லு பக்கத்துல ஒரு சண்டையும் வந்தது. அந்தப் படத்துல ஒரு கயிறு கோழியோட கால்ல மாட்டியிருக்கும். அதை இழுத்துக்கிட்டு நடக்கிறதாலதான் மேலே இருக்கிற மாவு மூட்டை நரி தலையில கொட்டும். "இவ வேணும்னேதான் இழுக்கிறா. கோழிக்குத் தெரியாமலா இருக்கும்? நரி வாடை தெரியாத கோழி எங்கேயாவது உண்டா?"ன்னு அம்மா. "இல்ல, ரோஸிக்குத் தெரியாது. தெரிஞ்சா ஓடுவா"ன்னு குட்டி. இந்தக் கேள்வியை வச்சுக்கிட்டுப் படிச்ச பெரியவங்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. படம் போட்டவங்க புத்தகத்துக்குள்ள பதிலே வைக்கலை. கோழி மூஞ்சியில ஒரு சலனமும் கிடையாது, நேரா முன்னால பார்த்து நடக்குது. எங்க வீட்டுலயும் இது இன்னும் தீரலை.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இங்கிலீஷ் தெரிஞ்ச எங்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் கண்ணு அங்கேயே போய் ஒட்டிக்குது. படத்தைச் சும்மா ஒரு நோட்டம். அம்மாவுக்கு எழுத்து தடுக்கலை. அவங்க குழந்தை மாதிரியே முழுப் பக்கத்தையும் பார்க்கிறாங்க. கூடவே கோழி வளர்த்த ஒரு மனுஷியாவும் பார்க்கிறாங்க.

அதுக்கப்புறம் வீட்டுல இருந்த மத்த புத்தகங்களையும் எடுத்து ஒண்ணொண்ணா நோண்ட ஆரம்பிச்சேன். 1947ல வந்த 'குட்நைட் மூன்' இருக்கு. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி கிளெமென்ட் ஹர்ட் வரைஞ்சது. ஒரு குட்டி முயல் தூங்குறதுக்கு முன்னால அறையில இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ராத்திரி வணக்கம் சொல்லுது. எழுத்துல அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது. படத்துல பார்த்தா கடியாரம் ஏழு மணியில ஆரம்பிச்சு கடைசியில எட்டு பத்துக்கு வந்திருக்கும். பக்கத்துக்குப் பக்கம் அறை கொஞ்சம் கொஞ்சமா இருட்டும். ஜன்னல்ல நிலா ஏறும். ஒரு சுண்டெலி ஒவ்வொரு கலர்ப் பக்கத்துலயும் வேற வேற இடத்துல உக்காந்திருக்கும். குட்டிக்கு எலியைத் தேடுறதுதான் வேலை. அம்மா பார்த்துட்டுக் கேட்டது: "ரெண்டு பூனை சும்மா விளையாடுது, எலி கண்ணு முன்னாடி ஓடுது. என்ன பூனை இது?" இந்தப் புத்தகத்தை நியூயார்க் பொது நூலகம் 1972 வரைக்கும் வாங்கி வைக்கவே இல்லையாம். பெரிய மனுஷங்களுக்கு எலி கண்ணுல படலை போல.

மாரிஸ் சென்டாக்கோட 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' 1963. சேட்டை பண்ணின மேக்ஸுங்கிற பையனை அவங்கம்மா சாப்பாடு போடாம ரூமுக்கு அனுப்பிடுறாங்க. அவன் கப்பலேறிப் பூதங்க இருக்கிற ஊருக்குப் போயி ராஜா ஆகிடுறான். இதுல ஒரு தில்லாலங்கடி வேலை இருக்கு, எடுத்துப் பாருங்க. ஆரம்பத்துல படம் சின்னதா, சுத்தி நிறைய வெள்ளை விட்டு இருக்கும். பையனுக்குக் கோபம் ஏற ஏறப் படம் பெருசாகிக்கிட்டே போகும். பூதங்களோட ஆட்டம் போடுறப்ப மூணு விரிப்புக்கு எழுத்தே கிடையாது, முழுக்கப் படம்தான். அப்புறம் அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்ததும் படம் திரும்பச் சுருங்கும். கடைசிப் பக்கத்துல படமே இல்லை, ஒரே ஒரு வரி எழுத்து. அவன் சாப்பாடு இன்னும் சூடா இருக்குங்கிறது அதுல தெரியும். திட்டின அம்மா சாப்பாட்டை எடுத்து வச்சிருக்காங்க. ஆனா புத்தகம் முழுக்க அந்த அம்மாவைப் படத்துல ஒரு தடவைகூடக் காட்டலை.

அந்தப் பூதங்க யாருன்னா, சென்டாக் சின்னப் பையனா இருந்தப்ப ஞாயித்துக்கிழமையானா வீட்டுக்கு வர்ற மாமா, அத்தைங்கதான். கன்னத்தைக் கிள்ளுவாங்க, பல்லு ஒரு மாதிரியா இருக்கும், அம்மா சமைக்க நேரமானா நம்மளையே தின்னுடுவாங்களோன்னு பயந்தேன்னு அவரே சொல்லியிருக்கார். கல்யாண வீட்டுல கன்னம் செவந்த அனுபவம் உள்ள எல்லாருக்கும் புரியும்.

அந்த எழுத்தில்லாத மூணு விரிப்புக்கும் அம்மா முளைப்பாரி ஊர்வலம், சாமியாட்டம் எல்லாம் கொண்டுவந்துட்டாங்க. நான் டிரான்ஸ்லேட் பண்ணிச் சொன்னதைவிட அது எவ்வளவோ தேவலை.

எரிக் கார்ல் கேஸ்தான் கொஞ்சம் வில்லங்கமாப் போச்சு. 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்', 1969. ஒரு புழு திங்கக்கிழமையிலேருந்து தினம் ஒரு பழம் கூடுதலாத் தின்னுக்கிட்டே போகும், புத்தகத்துப் பக்கத்துலயே ஓட்டை இருக்கும். காகிதத்துல ஓட்டை போடுற பஞ்சிங் மெஷினை வச்சு விளையாடிக்கிட்டு இருந்தப்ப வந்த யோசனை அது. முதல்ல புத்தகப்புழுவாத்தான் யோசிச்சாராம், கம்பளிப்புழு ஆக்குவோம்னது அவரோட எடிட்டர் ஆன் பெனிடியூஸ். இப்படி ஓட்டையும் வேற வேற அகலப் பக்கமுமா அமெரிக்காவுல அச்சடிக்கக் கட்டுப்படியாகாம ஜப்பான்ல போய் அடிச்சாங்க. 5 கோடி பிரதிக்கு மேல வித்திருக்கு. கார்ல் 2021ல காலமானார்.

குட்டி ஓட்டையில விரலை விட்டுக்கிட்டு இருக்கா. அம்மா முகம் மாறிடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க மல்பெரி போட்ட ஒரு தோட்டத்துல கூலி வேலைக்குப் போனவங்க, பட்டுப்புழுவுக்குத் தழை நறுக்கிப் போட்டவங்க.

"புழுவாவது ஐஸ்கிரீமும் ஊறுகாயும் திங்கிறதாவது. அதுக்குன்னு ஒரு தழை இருக்கு, அதைத் தவிர ஒண்ணைத் தொடாது. அது கெடக்கட்டும், கதைன்னு விட்டுரலாம். கடைசியில கூடு கட்டுது பாரு, கூட்டுலேருந்து வண்ணத்துப்பூச்சி எங்கடா வரும்? அந்துப்பூச்சில்ல வரும்!"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா இந்தப் புத்தகத்து மேல உயிரியல் படிச்சவங்க பல வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கிற அதே புகார் இது. வண்ணத்துப்பூச்சி நூல் சுத்திக் கூடு கட்டாது, அது தோலை உரிச்சுட்டு ஒரு ஓட்டுக்குள்ள தொங்கும். கூடு கட்டுறது அந்துப்பூச்சி வகை. கார்ல்கிட்ட இதைக் கேட்டப்ப, எங்கப்பா என்னைக் கூட்டை விட்டு வெளியே வான்னுதான் சொல்வார், அதனால என் புழுவுக்கும் கூடுதான்னு சொல்லிட்டாராம். கவிஞர் பதில். அம்மாகிட்ட சொன்னேன். "அப்படின்னா சரி. ஆனா தோட்டத்துல போய்ச் சொன்னா சிரிப்பாக"ன்னாங்க.

தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமேன்னு உங்கள்ல யாராவது கேப்பீங்க. கொடுத்தேன் சாமி. சென்னையில தூலிகா 1996லேருந்து இருக்காங்க. ஒரே பக்கத்துல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து வர்ற புத்தகம்லாம் போடுறாங்க. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளம் 2015ல ஆரம்பிச்சது. தமிழ்லயே எக்கச்சக்கமா இருக்கு, காசும் கிடையாது. ஆனா ஒண்ணு கவனிச்சேன். தமிழ் எழுத்து இருந்தா அம்மா விரலை வச்சு எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சுடுறாங்க. குரல் இறங்கிடுது. பள்ளிக்கூடத்துல எழுப்பி நிறுத்தின மாதிரி ஒரு முகம். குட்டி ரெண்டு வரி பொறுக்கிறா, அப்புறம் பக்கத்தைத் திருப்பிடுறா. தாய்மொழியா இல்லையாங்கிறது இங்கே ரெண்டாம்பட்சம். எழுத்து வந்து உக்காந்தா அம்மாவோட வாய் அடைக்குதுங்கிறதுதான் நான் பார்த்தது. அதனால இப்போதைக்கு எங்க வீட்டு ரூல், எழுத்து எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது.

தாரா புக்ஸோட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' ஒண்ணு வாங்கினேன். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் மூணு பேர் வரைஞ்ச மரங்கள், சென்னையில கறுப்புத் தாள்ல கையால ஸ்க்ரீன் பிரிண்ட் பண்ணினது. முதல்ல 2006ல வந்தது. விலை கொஞ்சம் கடிக்கும். குட்டிக்கு இன்னும் அதுல பெருசா இஷ்டம் இல்லை. அம்மாதான் மத்தியானம் தனியா உக்காந்து பார்க்கிறாங்க. மை மேடா இருக்கிற இடத்தை விரலால தடவிக்கிட்டே இருப்பாங்க. கதை என்னன்னு நான் சொல்ல வந்தா, "சும்மா இருடா"ன்னு பதில்.

டைரி கதையைச் சொல்லலையே. அந்த முதல் ராத்திரி அக்கா வந்ததும் வழக்கம் போல டைரியை எடுத்து, வாசிச்சவர் இடத்துல தன் பேரை எழுதப் போனா. குட்டி விடலை. "அம்மாச்சிதான் படிச்சாங்க"ன்னு ஒரே அழுகை. அம்மா அடுப்படியிலேருந்து எட்டிப் பார்த்து, "நான் எங்க படிச்சேன்? படத்தைப் பார்த்து ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையெல்லாம் எழுதாதீக"ன்னாங்க. அக்கா பேனாவை அவங்க கையில திணிச்சா. புத்தகம் பேரை அக்கா இங்கிலீஷ்ல எழுத, பக்கத்துல அம்மா தன் பேரைத் தமிழ்ல முழுசா எழுதினாங்க. சாணித் தாள் நோட்டுல எழுதிப் பழகின பெரிய பெரிய எழுத்து, கட்டத்தை விட்டு வெளியே போயிடுச்சு. மறுநாள் சாயங்காலம் வேன் வந்ததும் குட்டியோட பையைப் பிரிச்சு முதல்ல டைரியைத்தான் பார்த்தாங்க. டீச்சர் ஒரு டிக் போட்டு, ஒரு ஸ்டார் ஒட்டியிருந்தாங்க. அம்மா ஒண்ணும் சொல்லலை. காப்பி கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருந்தது அன்னிக்கு.

இப்ப அந்த மாசப் பக்கத்துல பாதிக்கு மேல அம்மா பேருதான். சாப்பாடு ஊட்டுறப்ப பழைய வளவள திரும்பி வந்தாச்சு. சர்க்குலரை ஃப்ரிட்ஜ் மேல ஏதோ டப்பாவுக்கு அடியில வச்சிருக்காங்க.

போன வாரம் சென்னைக்குக் கிளம்புறப்ப ஒரு ஆர்டர் வேற. "ஆடு இருக்கிற புத்தகம் ஏதாவது இருந்தா வாங்கிட்டு வா. வெள்ளாடு. செம்மறி வேண்டாம், அது சொன்ன பேச்சு கேக்கும், அதுல என்ன கதை இருக்கு?" நானும் தேடிக்கிட்டு இருக்கேன். பண்ணை வீட்டுப் புத்தகம்னு எடுத்தா பூரா செம்மறியாவே மேயுது. எழுத்து கம்மியா, சேட்டை பண்ற வெள்ளாடு இருக்கிற படப் புத்தகம் உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா பேரைச் சொல்லுங்க மக்கா. அடுத்த ட்ரிப்புக்குள்ள வேணும்.